மாமா அணைத்த நெருப்பு

என் மனைவியை அடக்கம் செய்து சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிறு, மாமா பிரசங்க மேடையில் நின்று நரகத்தில் நெருப்பு இல்லை என்றார்.

மாமா அவளுடைய அப்பா. அந்தச் சபையின் போதகர். வாலிபர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் அக்கினி பாஸ்டர். எந்த வசனத்தை எடுத்தாலும் கடைசியில் நரகத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை இரவு பிள்ளைகள் விளக்கை அணைக்க விடுவதில்லை என்று தாய்மார்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். அதையும் அவர் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

அன்று அவர் குரல் உயரவில்லை. புழு சாகாது, தீ அவியாது என்பது வெட்டவெளியில் கிடந்த பிணங்களைப் பற்றிப் பழைய தீர்க்கதரிசி ஒருவர் சொன்னது என்றார். ஆண்டவர் ஓரிடத்தில் அக்கினிச் சூளை என்கிறார், இன்னோரிடத்தில் புறம்பான இருள் என்கிறார், எரிகிற இடம் எப்படி இருட்டாக இருக்கும் என்று கேட்டார். நகரத்துக்கு வெளியே குப்பையைக் கொட்டி எரித்த ஒரு பள்ளத்தாக்கைக் காட்டித்தான் ஆண்டவர் பேசினார் என்றார்.

“ரெண்டும் படம். கடவுள இழந்துட்டா எப்படி இருக்கும்ங்கிறதுக்கு வரைஞ்ச படம். படத்தத் தொட்டா கை சுடாது.”

முன்வரிசையில் யாரோ இருமினார்கள்.

நான் கடைசி வரிசையில் இருந்தேன். எனக்கு ஆறுதல் வரவில்லை. சந்தேகம் வந்தது.

சந்தேகப்படுவதுதான் என் பிழைப்பு. தீப்பிடித்த கடை, கிடங்கு, வீடு எல்லாவற்றையும் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் போய்ப் பார்த்து, தீ எங்கே தொடங்கியது, தானாகத் தொடங்கியதா, தொடங்கி வைத்தார்களா என்று சொல்லும் சர்வேயர் நான். மனைவி போன பிறகு மற்ற உணர்ச்சிகள் மரத்துவிட்டன. இது மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

அவள் கல்லூரியில் படிக்கும்போதே நம்பிக்கையை விட்டவள். அப்பாவிடம் நேராகச் சொல்லியிருக்கிறாள். அவர் தட்டைப் பார்த்தபடி “சரி, சாப்பிடு” என்றாராம். அதற்கு மேல் அந்த வீட்டில் அந்தப் பேச்சு இல்லை. எனக்கு நம்பிக்கை எப்போதுமே இருந்ததில்லை. இருந்தாலும் ஞாயிறு தவறாமல் இருவரும் சபைக்குப் போவோம், அவர் முகத்துக்காக. ஆராதனை முடிந்து வண்டியில் ஏறும்போது அவள் சொல்வாள்: “எங்கப்பா அங்க எனக்கு சீட்டு போட்டு வெச்சிருக்காரு. உனக்கும் பக்கத்து சீட்டுதான். மருமகன் கோட்டா.”

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். நுரையீரலில் இறங்கிவிட்டது என்றார்கள். வீட்டுக்கு நான் மட்டும் திரும்பி வந்தேன்.

கடைசி நாள் மதியம் டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசிமருந்து ஆஸ்பத்திரியில் இல்லை. வெளியே தேடிப் போனேன். வாங்கிக்கொண்டு வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பிறகு விழிக்கவில்லை. நான் இல்லாத அந்த நேரத்தில் அவளோடு இருந்தவர் மாமா மட்டும். அடக்கத்தின்போது அவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “அன்னிக்கு மதியம் என் மக ஆண்டவர ஏத்துக்கிட்டா. என் கையப் புடிச்சுக்கிட்டு ஜெபம் பண்ணினா.” சபை முழுக்க அழுதது. நான் அழவில்லை. அவர் சொன்னதை நம்பவும் இல்லை.

ஆனால் ஒன்றை நம்பினேன். மூச்சு வாங்கிக் கிடந்தவளை நெருப்பைக் காட்டி மிரட்டியிருப்பார். அவள் பயந்து ஏதோ தலையசைத்திருப்பாள். அவளுடைய கடைசி விழிப்பு அப்படிக் கழிந்திருந்தால், அந்த வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டியது மட்டும்தான் பாக்கி.

ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் என்னை வாசலில் மடக்கினார். பெயின்ட் கடைக்காரர். விரல் நகங்களில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும்.

“தம்பி, ஒரு நிமிஷம். பாஸ்டருக்கு யாரு இதெல்லாம் ஓதுறது?”

“எனக்கென்ன தெரியும்?”

“நீங்க படிச்சவரு. புஸ்தகம் கிஸ்தகம் எதுனா குடுத்தீங்களா?”

“கரிக்கட்டையப் பத்தி ரிப்போர்ட் எழுதுறத தவிர எனக்கு எழுத்து வாசனையே இல்லீங்க.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் மேல் எங்கே பெயின்ட் பட்டிருக்கிறது என்று தேடுவதுபோல.

“நரகம் இல்லன்னா அப்புறம் நாங்க எதுக்கு தம்பி ஒழுங்கா இருக்கணும்? நான் பழைய சரக்குல புது லேபிள் ஒட்டாம யாவாரம் பண்றேனே, எதுக்கு?”

“மாட்டிக்குவோம்னுதான்.”

அவர் சிரிக்கவில்லை. “புதன்கிழமை சாயங்காலம் கூட்டம் போட்டிருக்கோம். பாஸ்டர் ஒரே வார்த்தையில சொல்லணும், இருக்கா இல்லையான்னு. நீங்களும் வாங்க. உங்க மேலயும் நாலு பேருக்கு ஒரு இது இருக்கு.”

மறுநாள் எனக்கு ஒரு மெத்தைக் கடை. பஞ்சும் ரப்பரும் உருகிக் கூரை வரை எரிந்திருந்தது. கடைக்காரர் மின்கசிவு என்றார். கேட்காமலே மறுபடியும் மின்கசிவு என்றார்.

தீ சுவரில் கூம்பைக் கவிழ்த்தது போலக் கரியை எழுதிவைத்துவிட்டுப் போகும். மேலே விரியும், கீழே குறுகும். அந்தக் கூர் எங்கே முடிகிறதோ அங்கேதான் தொடக்கம். ஆனால் நான் முதலில் பார்ப்பது கூம்பை அல்ல. தீ வருவதற்கு முன் எதை வெளியே எடுத்தார்கள் என்பதை.

கல்லாவுக்கு மேல் சுவரில் ஒரு ஆணி இருந்தது. அதன் கீழே சுவர் மற்ற இடங்களைப் போலவே கறுத்திருந்தது. தீ பிடித்தபோது அங்கே ஒரு படம் தொங்கியிருந்தால் அந்தச் சதுரம் மட்டும் வெளுப்பாக நின்றிருக்கும்.

“இங்க இருந்த படம் எங்க?”

“எந்தப் படம் சார்?”

“ஆணிய சும்மா அழகுக்கா அடிச்சீங்க?”

“அதுவா... கண்ணாடி விரிசல் விட்டுப்போச்சுன்னு வீட்டுக்குக் கொண்டுபோனேன்.”

“எப்போ?”

“முந்தின நாள்தான்.”

“யார் படம்?”

அவர் வாசலைப் பார்த்தார். “எங்கம்மா.”

இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சரக்கை எரிக்கத் துணிந்தவனும் அம்மாவின் படத்தை எரிக்கத் துணிவதில்லை. அதை முதல்நாளே பத்திரமாக எடுத்துக்கொண்டு போய்விடுவான். மாட்டிக்கொள்வதும் அதனால்தான்.

வண்டியில் திரும்பி வரும்போது மாமாவின் கதையிலிருந்த ஓட்டை தெரிந்தது. மகள் ஆண்டவரை ஏற்றுக்கொண்டாள் என்றால், அவர் கணக்குப்படி அவள் பரலோகத்தில் பத்திரமாக இருக்கிறாள். நரகத்துக்குள்ளே அவருடைய ஆள் யாரும் இல்லை. பிறகு எதற்கு, வாழ்நாள் முழுக்க மூட்டி வளர்த்த நெருப்பை இப்போது அவசரமாக அணைக்கிறார்? உள்ளே ஆள் இருப்பதாகப் பயப்படுகிறவன்தான் அணைக்க ஓடுவான். அல்லது மூட்டிவிட்டோமே என்று உறுத்துகிறவன்.

செவ்வாய் மாலை அவர் வீட்டுக்குப் போனேன். மனைவியின் தங்கைதான் கதவைத் திறந்தாள். வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். அத்தை போய்ச் சேர்ந்த பிறகு அப்பாவைப் பார்த்துக்கொள்கிறவள்.

“வாங்க அத்தான். சாப்பாட்டுக்கா, விசாரணைக்கா?”

“ரெண்டுக்கும்.”

“ஒண்ணு சூடா இருக்கு. இன்னொண்ணு உங்க பொறுப்பு.”

மாமா உள்ளறையில் மேசைமேல் போர்வையை மடித்துப் போட்டு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கட்டில் முழுக்கத் திறந்த புத்தகங்கள். உரை நூல்கள், அகராதிகள். பலவற்றில் நூலகத்து முத்திரை. அவர் நூலகத்துக்குப் போகிறவர் என்பதே எனக்குப் புதிது.

“உக்காருங்க மாப்ள. அந்தக் கனமான புஸ்தகத்தத் தள்ளிட்டு உக்காருங்க.”

உட்கார்ந்தேன். “அந்தப் பள்ளத்தாக்குல குப்பைய எரிச்சாங்கன்னு சொன்னீங்களே மாமா. தேடிப் பார்த்தேன். அந்தக் காலத்து எழுத்து எதுலயும் இல்ல. பல நூற்றாண்டு கழிச்சு யாரோ எழுதினது.”

“தெரியும்.”

“தெரிஞ்சேவா சொன்னீங்க?”

அவர் கழுத்துப்பட்டையைத் திருப்பிப் போட்டார். “அந்த இடத்துல என்ன எரிச்சாங்கன்னு வேதத்துலயே இருக்கு மாப்ள. பெத்த புள்ளைங்கள. பொய்த் தெய்வத்துக்குன்னு நெருப்புல போட்டாங்க. நான் கட்டளையிடவும் இல்ல, என் மனசுல தோணவும் இல்லன்னு ஆண்டவரே சொல்றாரு. அத மேடையில சொல்ல எனக்கு வாய் வரல. குப்பைன்னு சொல்லிட்டேன்.”

நான் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் விடவில்லை. “நித்திய தண்டனை, நித்திய ஜீவன்னு ஒரே மூச்சுல வருது. ரெண்டுலயும் நித்தியம்ங்கிறது ஒரே சொல்லுதான். தண்டனை படம்னா, ஜீவனும் படமா?”

“அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா ஆத்துமாவையும் சரீரத்தையும் அழிக்க வல்லவர்னு இன்னொரு இடத்துல இருக்கு. அழிஞ்சா அழிஞ்சதுதானே. எரிஞ்சுக்கிட்டே எப்படி இருக்கும்?”

“நரகத்துல கிடக்குற ஐசுவரியவான் நாக்கு நனைக்க ஒரு சொட்டுத் தண்ணி கேக்குறானே?”

“அது உவமை. அதுல நரகத்துல கிடக்குறவனும் பரலோகத்துல இருக்குறவரும் எட்டி நின்னு பேசிக்கிறாங்க. பரலோகத்துலேர்ந்து பாத்தா நரகம் தெரியும்னா, அப்புறம் அது என்ன பரலோகம்?”

சின்னவள் வாசற்படியில் சாய்ந்து நின்றாள். “நல்ல குடும்பம்ப்பா இது. நம்பாதவர் நரகத்துக்கு வக்கீலா நிக்கிறாரு, பாஸ்டர் ஜாமீன் கேக்குறாரு.”

மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை எனக்குப் பிடிக்கவில்லை. என் அனுபவத்தில் அது, பேச்சு ஆபத்தில்லாத பக்கம் திரும்பிவிட்டது என்று மூச்சுவிடுகிறவனின் சிரிப்பு.

“மாமா, அன்னிக்கு மதியம் அவள மிரட்டினீங்களா?”

“அத்தான்!” என்றாள் சின்னவள்.

மாமா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சுவிட்சை அணைத்தார். “உங்களுக்கு அப்படித் தோணுதா?”

“தோணுது.”

“எப்போலேர்ந்து?”

“அடக்கத்துலேர்ந்து.”

அவர் சட்டையைத் தோளோடு தோள் சேர்த்து மடித்தார். நீண்ட நேரம் மடித்தார். “நாளைக்குக் கூட்டத்துக்கு வாங்க மாப்ள” என்றார். அவ்வளவுதான்.

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அவர் சொல்லவில்லை. நான் சாப்பிடாமல் கிளம்பினேன். சின்னவள் கதவுவரை வந்து, “ஒரு கொள்ளிய அணைக்க வந்தீங்களா, இன்னொண்ணு வெக்க வந்தீங்களா?” என்றாள்.

கூட்டம் சபைக்குப் பக்கத்தில் ஓய்வுநாள் பள்ளி நடக்கும் அறையில். பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில் பிள்ளைகள் வண்ணம் தீட்டிய பேழையும் திமிங்கிலமும். வந்தவர்கள் முதலில் என்னைப் பார்த்தார்கள், பிறகு மாமாவை, பிறகு மறுபடியும் என்னை. சின்னவள் என்னிடமிருந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

செயலாளர் எழுந்தார்.

“பாஸ்டர், நாங்க படிக்காதவங்க. பள்ளத்தாக்கு, அந்தக் காலத்து பாஷை, இதெல்லாம் எங்களுக்கு வேணாம். நீங்கதான் எங்களுக்கு நரகத்தச் சொல்லிக் குடுத்தீங்க. எங்கப்பா குடிய விட்டது உங்க பிரசங்கத்தக் கேட்டுத்தான். இப்போ படம்னு சொன்னா, அவரு ஏமாந்துபோய்க் குடிய விட்டாரா?” கொஞ்சம் நிறுத்தினார். குரல் தணிந்தது. “உங்க துக்கம் எங்களுக்குத் தெரியாம இல்ல. துக்கத்துல வாய் தவறிப்போச்சுன்னு சொல்லுங்க, இத்தோட விட்டுடுவோம். உங்க பொண்ணு ரட்சிக்கப்பட்டுத்தானே போச்சு? நீங்களே சொன்னீங்களே. அப்புறம் நரகம் இருந்தா உங்களுக்கு என்ன, இல்லாட்டி என்ன?”

நான் வண்டியில் வரும்போது கண்டுபிடித்த அதே ஓட்டை. இவர் கருணையால் அதில் கைவைத்துவிட்டார்.

மாமா உட்கார்ந்தபடியே பேசினார்.

“என் மக ஜெபம் பண்ணல. ஆண்டவர ஏத்துக்கவும் இல்ல. அடக்கத்துல நான் சொன்னது பொய்.”

யாரோ “ஐயோ” என்றார்கள்.

“அன்னிக்கு மாப்பிள்ளை மருந்து வாங்கப் போயிருந்தாரு. அவ மூஞ்சியில இருந்த மாஸ்க்க எடுக்கச் சொல்லிக் கை காட்டினா. எடுத்தேன். ‘அப்பா, அங்க நெசமாவே நெருப்பா?’ன்னு கேட்டா.”

சின்னவள் என் பக்கம் திரும்பினாள். நான் திரும்பவில்லை. என்னிடம் அவள் அதை ஒருநாளும் கேட்டதில்லை. என்னிடம் அவள் சிரித்துத்தான் இருக்கிறாள்.

“பெரியவளான பின்னாடி எங்கிட்ட நம்பலன்னு சொன்னவ. ஆனா நான் ஊட்டின பயம் உள்ளேயே இருந்திருக்கு. சோறு மாதிரி ஊட்டியிருக்கேன். அது எப்படிப் போகும்?”

“மனந்திரும்பும்மான்னு சொல்லியிருக்கணும் பாஸ்டர்” என்றார் செயலாளர். “அதுக்கு அதவிட வேற நேரம் ஏது?”

“நீங்க சும்மா இருங்க” என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல். அவர் மனைவியாக இருக்க வேண்டும்.

“அததான் சொல்ல வந்தேன். வாய் வரைக்கும் வந்துடுச்சு. எத்தனையோ படுக்கைக்குப் பக்கத்துல நின்னு சொன்ன வார்த்தைதானே. ஆனா அவ என் கையப் புடிச்சிருந்தா. இடி இடிச்சா ஓடி வந்து புடிப்பாளே, அந்தப் புடி. ‘இல்லம்மா, அது வெறும் படம்’னு சொல்லிட்டேன். உத்துப் பாத்தா. ‘எப்பலேர்ந்துப்பா?’ன்னா. ‘இப்பலேர்ந்துதான்’னேன்.”

ஒருவர் சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“அந்த நேரத்துல நான் சொன்னத நானே நம்பல. அவ தூங்கினதும் வெளிய வந்து சுவத்துல தலைய முட்டிக்கிட்டேன். அடக்கத்துல அவள நரகத்துலேர்ந்து காப்பாத்த இன்னொரு பொய் சொன்னேன். அதுக்கப்புறம்தான் படிக்க ஆரம்பிச்சேன், முதல்ல சொன்னது நெசமா இருக்கக் கூடாதான்னு. வேதத்துல உங்க பக்கமும் வசனம் இருக்கு, என் பக்கமும் இருக்கு. முடிவு எனக்குத் தெரியாது. ஆனா அவகிட்ட ஒண்ணு சொல்லி அனுப்பிட்டு, இந்த மேடையில நின்னு உங்ககிட்ட வேற சொல்ல மாட்டேன்.”

செயலாளர் நகத்திலிருந்த பச்சையைச் சுரண்டினார். “எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு பாஸ்டர்” என்றார். பிறகு, “ஆனா தெரியாதுங்கிற போதகர வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது?” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

மாமா சட்டைப் பையிலிருந்து சபைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். யாரும் அதை எடுக்கவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

வெளியே வந்தோம். தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. சின்னவள் வண்டியை எடுக்கப் போனாள். மாமாவும் நானும் சுற்றுச்சுவர் ஓரமாக நின்றோம். மிரட்டவில்லை. அது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சந்தேகம் போய்விடவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருந்தது.

“அவ நம்பினாளா மாமா?”

“கைய விட்டுட்டா. கண்ண மூடிக்கிட்டா.”

“பயம் போயா, தெம்பு போயா?”

“அததான் மாப்ள நானும் தினமும் கேட்டுக்கிறேன்.” பிறகு என்னை நேராகப் பார்த்தார். “உங்க வேலையே அதானே. பொய் சொல்றவன் மூஞ்சி உங்களுக்குத் தெரியும்ல. நான் சொல்றப்ப என் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியல. அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். அவளும் உங்கள மாதிரிதான், லேசுல நம்ப மாட்டா.”

“அத இப்ப எப்படி மாமா பாக்கிறது?”

“பாருங்க.”

அவர் விளக்குக்குக் கீழே வந்து நின்றார். மடிப்பு கலையாத அந்த வெள்ளைச் சட்டை. என் கையைப் பிடித்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். கொஞ்சம் குனிந்தார், கட்டிலில் கிடக்கிறவளிடம் குனிவதுபோல.

“இல்லம்மா” என்றார். “அது வெறும் படம்.”

நான் பார்த்தேன். கடைக்காரர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். கண் எங்கே போகிறது, உதடு முந்துகிறதா, சொல்லி முடித்ததும் தொண்டை என்ன செய்கிறது. அவர் இமைக்காமல் நின்றார். தீர்ப்புக்குக் காத்திருக்கிற மனிதன்.

“நம்பியிருப்பா மாமா.”

அவர் என் முகத்தைத் தேடினார். இப்போது சந்தேகப்படுவது அவர் முறை.

“நெசமாவா சொல்றீங்க? எனக்காகச் சொல்லலையே?”

“நெசமா.”

சின்னவள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, “ரெண்டு பேரும் ஏறுங்க, இன்னிக்காவது சாப்பிட்டுப் போங்க அத்தான்” என்றாள். மாமா பிடியைத் தளர்த்தினார். நான் கையை எடுக்கவில்லை. எடுத்துக்கொள்ள எனக்குச் சற்று நேரம் ஆனது.